மச்சம் பார்க்கிறேன்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில்
செருப்புக்கடை மாடியில் இருக்கிறது என் ஊசி.
லாரி போனால் சுவர் அதிரும்.
அதிர்வு ஓயும்வரை கையைத் தூக்கிக்கொள்வேன்.
தொழிலில் நான் முதலில் படித்தது அது.
மிச்சமெல்லாம் அடுத்தவர் தோலில் படித்தவை.

குழித்துறை கோர்ட்டிலிருந்து நேராக வந்தாள் பிரைசி,
கக்கத்தில் தீர்ப்பின் நகல், ஆறு வருஷ வழக்கு.
"ஃப்ரீ ஆயிட்டேன் அக்கா.
அதை ஜப்பான் எழுத்துல போடுங்க,
இங்க ஒருத்தனுக்கும் வாசிக்கத் தெரியாதுல்லா."
போனில் தேடினேன். இரண்டு எழுத்து வந்தது.
வீடு மாதிரி ஒன்று, அதனடியில் நான்கு பொறி.
அழகாயிருந்தது; அழகு போதுமென்று நினைத்தேன்.

எட்டு மாசம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில்
போதும் போதும் என்று இலைக்கு மேல் அவள் நீட்டிய கையை
எதிரில் இருந்த கருங்கல் ரெஜிதா வாசித்துவிட்டாள்.
ஒசாகாவில் முதியோரைக் குளிப்பாட்டும் வேலை அவளுக்கு.
"கட்டணம் இல்லைன்னு இருக்கு.
கார் நிறுத்துற இடத்துல எழுதி வச்சிருப்பாவ."

மறுநாள் படியேறி வந்தாள் பிரைசி.
"இலவசம்னு எழுதவா அக்கா
ஆயிரத்து ஐந்நூறு வாங்கினிய?"
சிரித்தது அவள்தான். எனக்கு வரவில்லை.

நம்மிடம் இருந்தது இரண்டு சொல்.
ரேஷன் கடை வாசலில் ஒன்று, ஜெயில் வாசலில் ஒன்று.
எந்தக் குழந்தையும் மாற்றிச் சொன்னதில்லை.
இங்கிலீஷ் வழியாகச் சுற்றிப் போனோம்,
தம்பானூரில் பஸ் மாறும்போது பை மாறிவிட்டது.

மேலே பூ வரைந்து மறைக்கிறேன் என்றேன்.
"வேண்டாம். ஆறு வருஷம் கட்டினேன்லா,
இனி கட்டணம் இல்ல. சரியாத்தான் இருக்கு."
நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிழை பிழைதான்.
பணத்தை நீட்டினேன்.
நூறு ரூபாயை மட்டும் உருவிக்கொண்டாள், ஆட்டோவுக்கு.

அதற்குப் பிறகு
வருகிறவர்களைத் தமிழில் சொல்லச் சொல்கிறேன்.
ஒரு சொல்லாக இல்லை, முழு வாக்கியமாக:
எதிலிருந்து விடுதலை, யார்மேல் அன்பு, எத்தனை பெலம்.
பாதிப்பேர் அங்கேயே எழுந்து போய்விடுகிறார்கள்.
மீதிப்பேரின் எழுத்தை ரெஜிதாவுக்கு அனுப்புகிறேன்.
என்ன எழுதியிருக்கு என்று மட்டும் கேட்பேன்,
என்ன எழுத நினைத்தேன் என்று சொல்வதில்லை.
சொன்னால், பாவம், பிரியத்தில் அதையே வாசித்துவிடுவாள்.
இங்கே ஒன்பது மணி என்றால் அங்கே நள்ளிரவு தாண்டி.
நைட் டூட்டிக்கு நடுவே பதில் வரும்.

போன வாரம் வள்ளவிளை பெர்க்மான்ஸ்,
சுறாவுக்குப் போய் நாற்பது நாள் கழித்துக் கரையேறியவன்.
'பெரிது' வேண்டும் தோளில். ஒரே எழுத்து,
ஒரு ஆள் கையை விரித்து நிற்கிற மாதிரி.
வாக்கியம் கேட்டேன்.
"கடலைவிட இல்ல அக்கா. அண்ணனைவிட."

காகிதத்தில் அனுப்பினேன். "பெரிது" என்றாள்.
தோளில் ஒற்றி, எதற்கும் இருக்கட்டும் என்று
அதையும் படமெடுத்து அனுப்பினேன்.
"நாய்" என்றாள்.

மறுபடி அனுப்பினேன். நாய்.
விளக்கைத் திருப்பிப் பார்த்தேன்:
விரித்த கைக்கு மேலே, வலது ஓரம்,
பிறக்கும்போதே அவனோடு வந்த ஒரு மச்சம்.

நமக்கும் தெரியாததல்ல.
தலையில் ஒரு புள்ளி விழுந்தால்
எழுத்திலிருந்து உயிர் போய் மெய் மட்டும் மிஞ்சும்.
ஆனால் மெய்யே புள்ளி வைத்துக் காத்திருக்கும் என்று
எந்த அகராதியும் எனக்குச் சொல்லவில்லை.

துடைத்துவிட்டு இரண்டு அங்குலம் கீழே இறக்கினேன்.
லாரி போனது, கையைத் தூக்கினேன், வைத்தேன்.
முக்கால் மணி நேரம். அவன் முனகவில்லை.

சட்டையை மாட்டிப் படியிறங்கியவன்
பாதியில் நின்று திரும்பிக் கேட்டான்:
"அக்கா, எனக்க அண்ணனுக்கும்
அதே இடத்துல மச்சம் உண்டு.
கூட்டிட்டு வரட்டா?"